வலது கண் சொன்னது

சலவை நிலையத்தில் அவளுடைய வேலை துவைப்பதும் இல்லை, தேய்ப்பதும் இல்லை, பார்ப்பது. ஓட்டல்களிலிருந்து வரும் வெள்ளை விரிப்புகள் துவைத்துக் காய்ந்து மடிப்புக்குப் போகும் முன், நீள மேசை ஒன்றின்மேல் இரண்டு குழல் விளக்குகளுக்குக் கீழே அவள் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். தேநீர்க் கறை, மருந்துக் கறை, தலை எண்ணெய் தலையணை உறையில் விட்டுப்போன வட்டம், எதுவும் தப்பாது. பிடித்து இழுத்து, "இன்னொரு தடவை போடு" என்று ஓரமாக எறிவாள். இருபத்தாறு வருஷமாக அதே மேசை. கூட வேலை செய்பவர்கள் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பேர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு நேராகவே, "பூதக்கண்ணாடி அக்கா, டீ வந்திருக்கு" என்று கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள். பேர் ஒட்டிக்கொண்டது.

அறுபதை நெருங்கும்போது அந்தக் கண்ணுக்குக் கேடு வந்தது. ஒரே மாதத்தில் மூன்று கட்டுத் துணி திரும்பி வந்தது. மேற்பார்வையாளர் நல்ல மனுஷன், சத்தம் போடவில்லை. திரும்பி வந்ததில் ஒன்றை மேசைமேல் விரித்து, "இதுல என்னக்கா தெரியுது?" என்று கேட்டார்.

"சுத்தமா இருக்கே."

அவர் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த அந்தத் தலையைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது.

"போய்க் கண்ணைக் காட்டிட்டு வாங்கக்கா. உங்க மேசை எங்கயும் ஓடிடாது."

இரண்டு கண்ணிலும் புரை. சின்ன வயசிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி வேறு. முதலில் வலது கண், ஆறு வாரம் கழித்து இடது கண் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கூடப் போனது அவள் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் மெக்கானிக்காக முப்பது வருஷம் ஓட்டிவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லாரும் 'லிஃப்ட்காரர்' என்றுதான் சொல்வார்கள். வாயைத் திறந்தால் கேலிதான். ஆபரேஷன் அறைக்குள் அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போதுகூட, "பயப்படாதே, நடுவுல நின்னுச்சுன்னா மணி அடி, நான் வந்து திறக்குறேன்" என்றார். தள்ளிக்கொண்டு போன பெண் சிரித்துவிட்டாள். இவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்ததும் அவள் முதலில் பார்த்தது சுவர். வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. ஓரத்தில் லேசாக நீலம் ஓடுவது மாதிரி. இடது கண்ணால் பார்த்தால் அதே சுவர் தேநீர் வடிகட்டிய துணி மாதிரி இருந்தது. ஒரு கண்ணை மூடினாள், மற்றதைத் திறந்தாள். எத்தனை வருஷமாக இந்தத் தேநீர்த் துணி வழியாகத்தான் ஊர் உலகத்தைப் பார்த்தோம் என்று நினைத்தபோது அழுகை முட்டியது. கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் சண்டை சட்டையில் வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது, வெளிச்சத்தில் அவர் சட்டையைப் பார்த்து, "ஏங்க, இந்தப் புதுச் சட்டை எப்ப வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

"எது? இதுவா? உன் மக வாங்கிக் குடுத்து அஞ்சு வருஷம் ஆச்சு."

"அது சந்தனக் கலர் சட்டையில்ல?"

"அம்மா தாயே, இது பொறந்ததுலேருந்து வெள்ளை."

அவள் விடவில்லை. பீரோவைத் திறந்து, இல்லாத சந்தனச் சட்டையைத் தேடினாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று சாயங்காலமே மகளுக்கு ஃபோன் போட்டு, "உங்கம்மாவுக்குப் புதுக் கண்ணு வந்ததுல எனக்கு ஒரு புதுச் சட்டை லாபம்" என்றார்.

ஆனால் நிறத்தைவிடத் தலைசுற்றல்தான் அவளைப் படுத்தியது. பழைய கண்ணாடியில் வலது பக்கத்தைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணாடி போட்டுக் கொடுத்திருந்தார்கள். வலது கண்ணுக்குத் தரை ஓர் உயரத்தில் இருந்தது, இடது கண்ணுக்கு வேறோர் உயரத்தில். இரண்டுக்கும் நடுவே எங்கே காலை வைப்பது என்று தெரியாமல், வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். செம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் மேசைமேல் கொட்டியது. மாடிப்படியில் கடைசிப் படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தாள். இன்னொரு படி இருந்தது. எதிர்வீட்டுப் பெண் பிடித்திருக்காவிட்டால் முகம் பெயர்ந்திருக்கும். கதவு என்று நினைத்துக் கதவின் நிழலைத் தள்ளினாள். ஒரு நாள் வாசலில் நின்றவரைத் தம்பி என்று நினைத்து, "வாடா, உள்ள வா" என்று கூப்பிட, அவர் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர்.

"ரெண்டு கண்ணும் சண்டை போடுதும்மா," என்றாள் ஃபோனில் மகளிடம். "எது சொல்றதைக் கேக்கறதுன்னே தெரியல."

"இடது கண்ணும் பண்ணிட்டா சரியாயிடும்னு சொல்லியிருக்காங்கல்ல? ஆறு வாரம் பொறுத்துக்கம்மா. அப்பா சொல்ற பக்கம் நட."

அப்படித்தான் நடந்தாள். "இடது கால் கீழே. இன்னும் கீழே. தரைத்தளம் வந்தாச்சு, கதவு திறக்கப்படுகிறது" என்று அவர் லிஃப்ட் குரலில் அறிவித்துக்கொண்டே முழங்கையைப் பிடித்து அழைத்துப் போவார். சொட்டு மருந்தும் அவர் கைதான். ஒரு நாளைக்கு ஆறு வேளை. அவள் கட்டிலில் மல்லாந்து படுப்பாள். அவர் தலைமாட்டில் நின்று குனிந்து, கீழ் இமையை விரலால் இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு சொட்டு விடுவார். முப்பது வருஷம் திருகாணி முடுக்கிய கை, ஒரு தடவைகூடத் தவறவில்லை.

ஆறாவது நாள் காலை அப்படிக் குனிந்தபோதுதான் அவள் பார்த்தாள். தலைகீழாக, ஒரு சாண் தூரத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் அவர் கண். கருவிழியைச் சுற்றியிருந்த வெள்ளை வெள்ளையாக இல்லை.

"ஏங்க, உங்க கண்ணு மஞ்சளா இருக்கு."

"எந்தக் கண்ணால பாக்கற?"

"ரெண்டாலயும்தான்."

"அப்ப இடது கண்ணு சொல்லிக் குடுத்திருக்கும். சந்தனச் சட்டை கதைதான் இதுவும். அசையாதே, சொட்டு கன்னத்துல போயிடும்."

சொட்டு உள்ளே போனது. எரிச்சலில் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த நாள் அவளுக்கு முதல் பரிசோதனை. அவர் வெளியே வண்டி நிறுத்திய இடத்திலேயே இருந்துவிட்டார். உள்ளே கூட்டமாக இருக்கிறது, மூச்சு முட்டுகிறது என்றார். அவள் உள்ளேயிருந்த நர்சிடம், "இன்னும் சில சாமான் மஞ்சளா தெரியுதும்மா" என்றாள். சாமான் என்றுதான் சொன்னாள். மனுஷர் என்று சொல்லவில்லை.

"ஒரு கண்ணு மட்டும் பண்ணியிருக்குல்ல, அப்படித்தாம்மா இருக்கும். மூளைக்குப் பழகணும். பயப்படாதீங்க."

அந்தப் பதிலைத்தான் அவள் கேட்க விரும்பினாள். கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவர் முதுகைக் கதவு நிலையில் வைத்துத் தேய்த்துக்கொண்டார். "வெயில்" என்றார். தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார். "உன் சமையலை இப்பத்தான் நீயே சரியா பாக்கற, என்னை ஏன் கேக்கற?" என்றார். பெல்ட்டில் ஆணி வைத்து அவரே புதுசாக ஒரு துளை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். கேட்டதற்கு, "உன்னைத் தூக்கித் தூக்கி நடத்துறதுல இளைச்சிட்டேன்" என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் அவர் வாயில் தயாராக இருந்தது. அவளுக்கோ ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லத் தெம்பில்லை. தண்ணீரை மேசைமேல் ஊற்றுகிறவள், நிழலைத் தள்ளுகிறவள், மீட்டர்காரரைத் தம்பி என்கிறவள், எந்த முகத்தோடு இது மஞ்சள் என்று சத்தியம் பண்ணுவாள்?

பதினைந்தாம் நாள் மத்தியானம் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் மத்தியானம் படுக்காதவர். அவள் பீரோவிலிருந்து புதுத் தலையணை உறை ஒன்றை எடுத்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். இடது கண்ணை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டு, சுவரைத் தடவி நடந்து கட்டிலுக்கு வந்து, அந்த உறையை அவர் கன்னத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். மேசையில் விரிப்பைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். கன்னம், நெற்றி, கழுத்து மடிப்பு, மார்பில் பட்டன் திறந்த இடம்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் தீர்ப்புச் சொன்னவளுக்குத் தெரியாமல் போகுமா?

ஆனாலும் அவரை எழுப்பவில்லை. உறையை நாலாக மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய் உட்கார்ந்தாள். நம் கண்தான் கெட்டது, கெட்ட கண்ணாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு நினைப்பு. இடது கண்ணும் சரியாகிவிட்டால் இந்த மஞ்சளும் போய்விடும் என்று, நம்பாமலே நம்பினாள். சாயங்காலம் அவர் எழுந்து வந்து, "என்ன, இருட்டுல உக்காந்திருக்க?" என்று விளக்கைப் போட்டபோது, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்காமல், "தலை சுத்துது" என்றாள்.

இருபத்தெட்டாம் நாள் இடது கண்ணுக்கு அளவெடுக்கப் போனார்கள். அன்று அவருக்கு வெளியே நிற்க முடியவில்லை. உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அளவெடுக்கும் பெண் சின்ன வயசுதான். கருவியைச் சரிசெய்துகொண்டே ஏதோ சொல்ல நிமிர்ந்தவள், அவரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"சார், நீங்க கொஞ்சம் இப்படி வெளிச்சத்துக்கு வாங்க."

"பேஷண்ட் அவங்கதாம்மா. நான் சும்மா கூட வந்தவன்."

"தெரியும் சார். வாங்க."

கையிலிருந்த டார்ச்சை அடித்து, கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க சார். வீட்டுக்குப் போயிட்டுப் போலாம்னு நினைக்காதீங்க."

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம், ஸ்கேன், மறுபடி ஸ்கேன். மகள் அவசரமாக லீவு போட்டு வந்து சேர்ந்தாள். கணையத்தில் கட்டி, பித்தக் குழாயை நெரித்துவிட்டது, கல்லீரலுக்கும் போய்விட்டது என்றார் டாக்டர். குரலை உயர்த்தாமல், ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னார். பிறகு கேட்டார், "எவ்வளவு நாளா இந்த மஞ்சள் இருக்கு?"

இருபத்திரண்டு நாள். அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் அவர் முந்திக்கொண்டார். "நாலஞ்சு நாளா இருக்கும் டாக்டர். இவளுக்குக் கண்ணு சரியா தெரியாது, நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

அவள் பார்த்துக்கொண்டிருக்க, டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

வராந்தாவில் மகள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அப்பா மறைச்சிட்டார்மா. உன் ஆபரேஷன் முடியட்டும்னு மறைச்சிட்டார்." இவள் மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தரை இரண்டு உயரத்தில் ஆடியது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரிடம் மகள்தான் பிறகு தனியாகக் கேட்டுவிட்டு வந்தாள். மூன்று வாரம் முன்னால் வந்திருந்தாலும் பெரிசாக மாற்றம் இருந்திருக்காது என்று சொன்னாராம். அந்த 'பெரிசாக' என்ற சொல் இவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. சின்னதாக ஒரு மாற்றம் இருந்திருக்கும் என்றுதானே அதற்கு அர்த்தம்? சின்னது என்றால் எவ்வளவு? ஒரு மாதமா? ஒரு வாரமா? ஒரு வாரமென்றாலும் ஏழு நாள்.

பித்தக் குழாயில் சின்னக் குழாய் ஒன்றை வைத்தார்கள். இரண்டு வாரத்தில் அரிப்பு நின்றது, கண் வெளுத்தது. வீட்டில் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "இங்க வா, உன் வலது கண்ணைக் கொண்டா" என்று கூப்பிட்டார். அவள் இடது கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"வெள்ளை?"

"வெள்ளை."

"திருப்பி அனுப்ப மாட்டியே?"

"மாட்டேன்."

அவர் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு, "அன்னிக்கே சரியாத்தான் சொன்ன. நான்தான் கேலி பண்ணிட்டேன்" என்றார்.

அவளால் தாங்க முடியவில்லை. "நான் அப்புறமும் பாத்தேங்க. நீங்க தூங்கும்போது பாத்தேன். தெரிஞ்சும் சொல்லல."

"நீ தலையணை உறையைக் கொண்டாந்து வெச்சப்ப நான் முழிச்சுத்தான் இருந்தேன்," என்றார் அவர். "நீ கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். நீ கேக்கல. நானும் அப்பாடான்னு படுத்துட்டேன்."

அவர் கையை நீட்டினார், அவள் பிடித்துக்கொண்டாள். அன்று பூராவும் இரண்டு பேரில் யாரும் ஃபோனை எடுத்து மகளிடம் அதைச் சொல்லவில்லை.

இடது கண்ணை அவள் தள்ளிப்போட்டாள். கண் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்கள். "இப்ப முடியாதும்மா" என்று வைத்துவிட்டாள். ஆடுகிற தரைமேலேயே அவருக்குக் கஞ்சி கொண்டுபோனாள், துணி மாற்றினாள், தாங்கிப் பிடித்துக் குளியலறைக்கு அழைத்துப் போனாள். தாங்கியது யார், தாங்கப்பட்டது யார் என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு தடவை வெந்நீர்ப் பாத்திரத்தோடு நிலைப்படியில் தடுக்கி விழுந்தாள். நல்லவேளையாக வெந்நீர் சுவர்ப் பக்கம் போனது. அவர் கட்டிலில் இருந்தபடியே எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. முதல்முறையாக அவர் குரலில் கோபம் வந்தது.

"போய் அந்தக் கண்ணையும் பண்ணிட்டு வா. நான் இருக்கும்போதே பண்ணிக்கோ. அப்புறம் சொட்டு விட யாரைத் தேடுவ?"

"நீங்க எந்திரிச்சு நடங்க. அப்புறம் பாக்கலாம்."

"நீ பிடிவாதக்காரி."

"ஆமா."

மூன்றாவது மாதம் மஞ்சள் திரும்பி வந்தது. இந்தத் தடவை அவள் பார்த்த அந்த நிமிஷமே மகளுக்கு ஃபோன் செய்தாள், ஆஸ்பத்திரிக்குச் சொன்னாள், வண்டி வரவழைத்தாள். கை கால் ஓடாமல் நிற்கவில்லை. யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை என்று தெரிந்தும் ஓடினாள். பதினொரு நாள் கழித்து, காலையில் வார்டில் தரையைத் துடைத்துக் கழுவிக்கொண்டிருக்கும் நேரத்தில், அவர் மூச்சு நின்றது. அவள் அவர் முகத்தை இடது கண்ணை மூடிப் பார்க்கவில்லை. இரண்டு கண்ணாலும் பார்த்தாள். இரண்டு முகமாகத் தெரிந்தது.

காரியமெல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து மகள் வந்து விடாப்பிடியாக நின்று இடது கண்ணை முடித்துக் கொடுத்தாள். ஒரு வாரம் கூட இருந்தாள். தன்னோடு வந்துவிடு என்று கெஞ்சிப் பார்த்தாள், இவள் மசியவில்லை. தரை ஒரே உயரத்துக்கு வந்தது. தலை சுற்றவில்லை. டம்ளரில் ஊற்றினால் டம்ளரில் விழுந்தது. வீடு பூராவும் பளிச்சென்று இருந்தது. மூலையில் ஒட்டடை, கட்டில் காலில் துரு, அவர் சாய்ந்து சாய்ந்து சுவரில் விழுந்திருந்த தலை அடையாளம். எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்துக் கடைசிப் பரிசோதனைக்கு அவள் தனியாகத்தான் போனாள். கண்பாவையை விரிக்க மருந்து விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். வெளியே வரும்போது மேசையிலிருந்தவர், "கூட யாரும்மா வந்திருக்காங்க? மருந்து விட்டிருக்கு, நாலு மணி நேரம் கூசும். தனியா போகக்கூடாது" என்றார்.

"யாரும் வரலைங்க. நான் போயிடுவேன்."

"அப்படி அனுப்ப மாட்டோம்மா."

பக்கத்தில் புதுக் கண்ணாடி வாங்க நின்றிருந்த ஒரு பெண் திரும்பினாள். நாற்பது வயசிருக்கும். பேக்கரி ஒன்றின் பேர் போட்ட சட்டை. "நான் பஸ் ஸ்டாப்புக்குத்தான் போறேன். கூட்டிட்டுப் போறேன், வாங்கம்மா" என்றாள்.

வெளியே வெயில் வெள்ளை வெள்ளையாகக் கொட்டியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. அந்தப் பெண் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளம், மேடு என்று எதுவும் சொல்லாமல், தானாக மெதுவாக நடந்தாள்.

"வீட்டுல யார் இருக்காங்கம்மா?"

"நான்தான். அவர் தவறிட்டார். மூணு மாசம் ஆச்சு."

"ஐயோ. என்ன பண்ணுச்சு?"

அவள் கண்ணை மூடிக்கொண்டே நடந்தாள். தான் என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. "மஞ்சள் இருந்துச்சு. நான் பாத்துட்டேன். முதல் நாளே பாத்துட்டேன். இருபத்திரண்டு நாள் யார்கிட்டயும் சொல்லல. என் மககிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லல. அவர் மறைச்சாருன்னு அவ நினைச்சிட்டிருக்கா."

அந்தப் பெண் நின்றுவிட்டாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று இவள் காத்திருந்தாள், பயந்தும் இருந்தாள். சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"மககிட்ட சொல்லுங்கம்மா," என்றாள் அவள் கடைசியில். "கோவிச்சுக்குவாங்க. கோவிச்சுக்கட்டும்."

"ம்."

"பஸ் வருது. உங்களுக்கு எந்த நம்பர்?"

அவள் கையை நெற்றியில் மறைப்பாக வைத்துக்கொண்டு பார்த்தாள். வெள்ளையாக ஏதோ பெரிசாக வந்துகொண்டிருந்தது.

"பதினேழு," என்றாள். "அதுதானான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மா."